கடைசி அங்கத்தில் கல்யாணம் இல்லை

கிளஃபீரா பதினோரு வருஷமாக மேடையில் வேலைக்காரியாகத்தான் வந்தாள். இறங்கினாலும் வேலைக்காரிதான். மேடையில் எசமானை எதிர்த்துப் பேசினால் கைதட்டுவார்கள், கீழே பேசினால் முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள். பென்சா மாகாணத்துப் பண்ணையார் பொர்ஃபீரி இக்னாத்தியெவிச்சுக்கு வேட்டை நாய்கள் இருந்தது போலவே ஒரு நாடகக் குழுவும் சொந்தமாக இருந்தது. நடிகர்கள் எல்லாரும் அவருடைய பண்ணையடிமைகள்.

அவருக்குப் பழைய முறை நாடகம் என்றால் உயிர். ஒரே வீடு, ஒரே பகல், காதலர்களைச் சேர்த்து வைக்கும் வாயாடி வேலைக்காரி, முடிவில் கல்யாணம். நவம்பரில் அவர் பெயருள்ள புனிதரின் திருநாளன்று அப்படி ஒன்று நடக்கும். மேடைக் கல்யாணம் முடிந்ததும் குழுவில் முறை வந்த ஒரு ஜோடி முன்னால் வந்து மண்டியிட, எசமான் மனம் குளிர்ந்து கையை உயர்த்தி ஆசீர்வதிப்பார். அதுதான் அனுமதி. மற்ற நாளில் வாய் திறந்து கேட்டவர்களுக்குச் சவுக்குதான் கிடைத்தது.

இந்த வருஷம் கிளஃபீராவுக்கும் எர்மிலுக்கும் முறை. எர்மில் மேடையில் வேலைக்காரன், மற்ற நேரத்தில் தச்சன். பட்டாளத்துக்கு ஆள் கொடுக்கும் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. கல்யாணமானவனை விட்டுவிடுவார்கள், ஆகாதவன் போனால் இருபத்தைந்து வருஷம். திருநாள் கழிந்த ஆறாம் நாள் நாற்பது நாள் நோன்பு தொடங்கிவிடும், பிறகு ஜனவரி வரை எந்தப் பாதிரியாரும் கல்யாணம் செய்து வைக்கமாட்டார். பட்டாளத்துக்காரர்கள் டிசம்பரிலேயே வந்துவிடுவார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் எசமானின் அண்ணன் மகன் வலேரியான் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து, தானே எழுதிய நாடகத்தோடு வந்து சேர்ந்தான். இந்தத் திருநாளுக்கு அதையே போடலாம் என்று எசமானும் ஒப்புக்கொண்டார். விநோதமான நாடகம். ஒரே வீடு, ஒரே பகல், வாயாடி வேலைக்காரி எல்லாம் பழைய துணி. நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஊரையே வெறுக்கும் நாயகன் புதுப் பட்டு. நாயகியின் அப்பா மட்டும் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எசமான் தினமும் பேசுகிற பேச்சையே பேசினார். மூன்றையும் ஒரே சட்டையாகத் தைத்திருந்தான், நன்றாகத்தான் தைத்திருந்தான். ஆனால் முடிவில் நாயகன் எல்லாரையும் ஏசிவிட்டுப் போய்விடுகிறான். கல்யாணம் இல்லை. வேலைக்காரியைக் கடைசி அங்கத்தில் யாரும் நினைக்கக்கூட இல்லை.

கிளஃபீரா அவனிடம் போய் எர்மிலின் கதையைச் சொல்லி அழுதாள்.

"ஒரே ஒரு கல்யாணம் போடுங்கய்யா. நாயகிக்கு வேண்டாம். வேலைக்காரிக்காவது."

"அதெல்லாம் பழைய பொய், கிளஃபீரா. வாழ்க்கையில எங்க அப்படி முடியுது?"

"முடியறதில்லைன்னு தெரியும்யா. அதனாலதான் மேடையில கேக்கறேன்."

அவன் கண் கலங்கியது. சித்தப்பாவிடம் தானே பேசுவதாக வாக்குக் கொடுத்தான். பேசவில்லை. மேடை நிலாவுக்கு விளக்குச் சரியாக அமையாத கவலை அவனுக்கு.

"விடு கிளஃபீ," என்றான் எர்மில். "நான் திரும்பி வரப்ப நீ கிழவி வேஷம் கட்டிட்டிருப்ப. நானும் கிழவன். பொருத்தமா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை.

திருநாளன்று கூடம் நிறைந்திருந்தது. மேடை அப்பா வாய் திறக்கும்போதெல்லாம் விருந்தாளிகள் ஓரக்கண்ணால் எசமானைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். நாயகன், மனிதனை மனிதன் விற்கும் கொடுமையைச் சாடிவிட்டு வெளியேறினான். திரை விழ வேண்டிய அந்த நொடியில் கிளஃபீரா எர்மிலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மண்டியிட்டு, பழைய நாடகங்களின் முடிவுச் செய்யுளை, எசமானின் கருணையைப் பாடும் அதே வரிகளைச் சொன்னாள்.

எசமானின் முகம் மலர்ந்தது. பழக்கத்தில் கை தானாக உயர்ந்தது.

வலேரியான் வெளிறிய முகத்தோடு மேடைக்கு ஓடிவந்தான். "சித்தப்பா, இது என் நாடகத்துல இல்ல. என் நாடகத்தையே கொன்னுட்டா."

யாரோ சிரித்தார்கள். எசமானின் கை பாதியில் நின்றது. சாயங்காலம் முழுக்கப் பழைய பஞ்சாங்கம் என்று சிரிப்புக்கு ஆளானவர், இன்னொரு முறை ஆக விரும்பவில்லை.

"உன் நாடகத்துல கடைசில யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப யாருக்கும் இல்ல," என்று கையை இறக்கி மூக்குப்பொடி டப்பியை எடுத்தார்.

டிசம்பரில், பட்டாளத்து வழக்கப்படி எர்மிலின் முன்தலையை மழித்து வண்டியில் ஏற்றினார்கள். வண்டி மறைந்த பிறகும் கிளஃபீரா வாசலில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். வலேரியான் அதை ஜன்னலிலிருந்து பார்த்தான். அன்றைக்கே உட்கார்ந்து கடைசி அங்கத்தைத் திருத்தினான். இத்தனை நாள் குறைந்திருந்த உண்மை இப்போதுதான் கிடைத்தது என்று பூரித்தான். எல்லாரும் போன பிறகு வேலைக்காரி தனியாக மேடையில் நிற்பாள். வசனம் கிடையாது. நடிக்க வேண்டாம், அன்றைக்கு நின்ற மாதிரி நின்றால் போதும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

பிப்ரவரியில், அடுத்த பெரிய நோன்புக்கு முந்தின வெண்ணெய் வாரக் கொண்டாட்டத்தில் அவள் அப்படியே நின்றாள். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எசமான் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார்.