கலங்கின பையும் ரெண்டு நிமிஷமும்

ஊசி போடுகிறவரைக் கண்டால் குழந்தைகள்தான் ஓடும். என்னைக் கண்டால் பெரியவர்களே கதவைச் சாத்துவார்கள்.

தொண்ணூறுகளில் எனக்கு வீடு வீடாகப் போகும் வேலை. சிறுநீரகம் கெட்டவர்கள் வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே திரவத்தை ஏற்றி இறக்கிக்கொள்வார்கள். இறங்குவது கலங்கலாக இருந்தால் வயிற்றில் கிருமி என்று சந்தேகம். சின்னப் பட்டை ஒன்றை அதில் தோய்த்து ரெண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஊதா நிறம் வந்தால் ஆஸ்பத்திரி. கெட்ட சேதி சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வாட்ச்

மண்ணூர்பேட்டையில் மணி என்று ஒரு ஆட்டோ டிரைவர். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, "வெள்ளையாத்தான் கீது, தூக்கிப் போடு சார்" என்று அவசரப்படுத்தினார். நான் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரெண்டாவது நிமிஷம் ஊதா ஏறியது. மனுஷனுக்கு வந்ததே கோபம்!

"அப்பவே போட சொன்னேன்ல? நீதான் வச்சிகினே இருந்து கலர் வர வச்சிட்ட!"

பேப்பர்

திரவம் இறங்கும் பைக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்து எழுத்து தெரிகிறதா பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்போம். தெரியாவிட்டால் கலங்கல். ஆவடி குவார்ட்டர்ஸில் சண்முகம் அண்ணாச்சி, தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர். தலைப்புச் செய்தியைத் தங்குதடையில்லாமல் வாசித்தார். எனக்கோ ஓர் எழுத்தும் தெரியவில்லை. பேப்பரைத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் அதே செய்தியை வாசித்தார். பட்டை ஊதாவானது, பத்து நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை முற்றவிட்டால் குழாயையே எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். பட்டை ஊதாவான அன்று அவர் மனைவி செல்லம்மாள் சொன்னது:

"காலையிலேர்ந்து மூணு தரம் படிச்சிட்டாவ. பேப்பரே இல்லாட்டாலும் வாசிப்பாவ."

சுத்தமான பை

ஆறு மாதம் கழித்துப் போனேன். மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கேட்கும் முன்பே அண்ணாச்சி பையை நீட்டினார். பட்டை வெள்ளை. கிளம்பியிருப்பேன், ஆனால் செல்லம்மாள் என் முகத்தையே பார்க்கவில்லை. பையை மறுபடி பார்த்தேன். வயிற்றிலிருந்து இறங்கியது லேசான மஞ்சளாக இருக்கும். இது பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இது உங்க வயித்துக்குள்ள போகவே இல்லையே?"

செல்லம்மாள் குளியலறை வாளிக்குப் பின்னாலிருந்து இன்னொரு பையைக் கொண்டுவந்தார். அரிசி கழுவின தண்ணியேதான். ரெண்டு நிமிஷத்தில் கரும் ஊதா. "உயிரோட இருந்தாத்தானே கல்யாணம் பார்ப்பீங்க?" என்று கத்திவிட்டேன். "தாலி கட்டுற வரைக்கும் விட்டிருக்கலாமே தம்பி" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆரம்பத்திலேயே மருந்து ஏறியதால் நாலாம் நாள் திரவம் தெளிந்தது. குழாய் தப்பியது. முகூர்த்தத்துக்கு மட்டும் போய்வர டாக்டர் அனுமதித்தார்.

பூந்தமல்லி மண்டபத்தில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சம்பந்தியிடம் நிறுத்தினார் அண்ணாச்சி.

"இந்தத் தம்பி வந்தா எங்க வீட்டுல ரெண்டு நிமிஷம் யாரும் மூச்சு விடமாட்டோம்."

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: பட்டையின் நிறத்தைப் பார்க்கும் முன் வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.