சம்சாரத்தின் ரத்தம் செல்லாது

எங்கள் தொழிலில் கொசுவுக்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம்தான்: கொசு ரத்தம் எடுப்பதற்கு முன்னால் உறவுமுறை விசாரிப்பதில்லை.

நான் ஒரு டி.என்.ஏ. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உடனே வெள்ளைக் கோட்டு, ஏசி ரூம் என்றெல்லாம் கற்பனை பண்ணிவிடாதீர்கள். அதெல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. நான் வெயிலில் அலைகிற ஜாதி. எங்கேயாவது பெரிய விபத்து நடந்து, இறந்தவர்களை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாமல் போய்விட்டால், அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொந்தக்காரர்களின் விரலில் குத்தி, அட்டையில் நாலு சொட்டு ரத்தம் வாங்கி வர வேண்டும். அதை இறந்தவர் உடம்பிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டு, இவர் இன்ன வீட்டுக்காரர் என்று உள்ளே இருப்பவர்கள் சொல்வார்கள். கூரியர் கொடுப்பவர்களே, கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர்களே, காலிங் பெல்லை அழுத்திவிட்டு 'யாரு, என்ன வேணும்?' என்ற குரலுக்காகக் கதவடியில் நிற்கும் சக பாவாத்மாக்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

இந்தத் தடவை விபத்து மலையில். தி.நகரிலிருந்து ஒரு டூர் வேன் போயிருக்கிறது. அவர்கள் தங்கியிருந்த விடுதிமேல் மண் சரிந்துவிட்டது. எல்லாம் நம்ம பக்கத்து ஜனங்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குள்ளேயே போன் வந்துவிட்டது. அடையாறிலிருந்து கிருஷ்ணவேணி என்று ஓர் அம்மா. அவர் வீட்டுக்காரரும் அந்த வேனில் போனவர். மூட்டு வலி என்று இந்த அம்மா மட்டும் போகவில்லை.

"என் வீட்டுக்கு எப்ப வர்றீங்க?" என்றார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம்."

சம்சாரத்தின் ரத்தம் இதற்குச் செல்லாது. கல்யாணம் பண்ணிக்கொண்டதால் ரத்தம் ஒன்றாகிவிடுமா? அப்பா, அம்மா, பிள்ளை, கூடப் பிறந்தவர் யாராவது வேண்டும் என்றேன். அந்த அம்மாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீட்டுக்காரருடைய அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. ஒரே ஒரு அக்கா, அவரும் இல்லை. அந்த அம்மா அழவில்லை, அதுதான் ரொம்பச் சங்கடமாக இருந்தது.

"தலைக்குப் பூ வச்சுக்கறதா வேணாமான்னுகூடத் தெரியலை மேடம். நீங்களே யோசிச்சு ஏதாவது வழி சொல்லுங்க."

வெறும் வயிறு

முதலில் மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. காணாமல் போனவரின் அண்ணா, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் கையைத் தோள் வரைக்கும் மடித்து வைத்திருந்தார். "நேத்து ராத்திரியோட சரி. கார்த்தால காபிகூடச் சாப்பிடலை" என்றார். உள்ளேயிருந்து மாமி, "அதுக்கெல்லாம் பட்டினி கிடக்க வேண்டாம்னு தலைதலையா அடிச்சுண்டேன், கேட்டாத்தானே" என்று குரல் கொடுத்தார். விருந்தே சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை மாமா, விரல் நுனி போதும் என்றேன். மனிதருக்கு ஏமாற்றம். மடித்த கையைப் பிரிக்க மனசே வரவில்லை.

"பட்டினி இருந்தது இருந்தாச்சு. இதுலயே சுகரும் பாத்துடுங்கோளேன்" என்றார். எங்கள் மெஷினுக்குச் சர்க்கரையும் தெரியாது உப்பும் தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"என் சுகர் ரிப்போர்ட்டைத் தம்பிதான் வாங்கிண்டு வருவான். வர்ற வழியிலேயே பிரிச்சுப் பாத்துட்டு, 'இனிமே ஸ்வீட்டைத் தொட்டுப் பாரு'ன்னு மாடிப்படியிலேர்ந்தே கத்துவான். இனிமே நான் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம், போங்கோ."

மாப்பிள்ளை மரியாதை

மறுநாள் காலையிலும் கிருஷ்ணவேணி அம்மா போன் பண்ணினார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மழுப்பிவிட்டு மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் நுழைந்தேன். அந்த வீட்டில் காணாமல் போனது ஒரு வயசான அம்மா. மகனும் மகளும் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இஸ்திரி போட்ட வேட்டியில், கையை நீட்டிக்கொண்டு மாப்பிள்ளை. இந்த வீட்டில் சீமந்தமோ காதுகுத்தோ, முதல் சந்தனம் அவருக்குத்தானாம். முதல் குத்தும் அவருக்குத்தான் என்று முடிவு பண்ணிவிட்டார். "சார், மாமியாருக்கும் மருமகனுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, உங்களுது வேண்டாம்" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம். மனிதர் விறுவிறுவென்று வாசலுக்குப் போய், நிற்கிற பைக்கில் ஏறி உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்.

அம்மாவைப் பறிகொடுத்த மகன், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானைச் சமாதானம் பண்ணப் போனார். நான் மகனை இழுத்து உட்கார வைத்துக் குத்தினேன், மகளைக் குத்தினேன், பையை மூடினேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்குக் கேட்காத குரலில் கெஞ்சினார்:

"அவருக்கும் ஒரே ஒரு குத்து குத்திட்டுப் போங்க மேடம், இல்லேன்னா பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாப்பிட உக்கார மாட்டாரு."

கூடப் பிறந்தவர்கள்

வேன் டிரைவர் செல்வத்தின் வீடு பெருங்குடி தாண்டி. ஆற்றங்கரையில் குடிசையைப் பிரித்து, குடும்பம் குடும்பமாக இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். டிரைவருக்குக் கூடப் பிறந்தவங்க மட்டும் வாங்க என்று வாசலில் நின்று சொன்னேன். அந்த வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடை தோற்றுப்போகும். முதல் ஆளைக் கேட்டேன். "அண்ணனா, தம்பியா?" "அண்ணன் மாரி." "மாரி எல்லாம் ஆகாதுங்க. ஒரே அம்மாவா?" "அந்தம்மா கையாலதான் துன்னு வளந்தேன்." அடுத்தவர் தோஸ்து. அதற்கடுத்தவர் செல்வத்தோடு ஒரே ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறவர்.

செல்வத்தின் அம்மா மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெற்றவளின் ரத்தம் கிடைத்துவிட்டால் வேறு யாரும் தேவையில்லை. அவர் விரலில் குத்தி நாலு சொட்டு வாங்கினேன். முடித்துவிட்டு, எல்லாரும் போகலாம் என்றேன். ஒருத்தரும் நகரவில்லை. 'அண்ணன் மாரி' நீட்டிய கையை மடக்காமலே சொன்னார்:

"இன்னா மேடம் நீ, பொணத்துக்குத் தோள் குடுக்கறப்போ நீ யாருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான், நாலு சொட்டு ரத்தத்துக்கு இம்மாங் கேள்வி கேட்டுகினு கீறியே."

பத்மாவின் புகார்

எங்கள் கூடத்தில் மெஷினைக் கவனித்துக்கொள்பவள் பத்மா. நான் கொண்டுவந்த அட்டைகளைப் பிரித்தவள், "இது யாருடி, மாமியாருக்கு மாப்பிள்ளை அனுப்பியிருக்காரு?" என்றாள். குத்தாமல் வர முடியவில்லை என்றேன். அப்போதும் போன் அடித்தது. கிருஷ்ணவேணி அம்மாதான். இதற்குள் இறந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் தெரிந்து வீடு போய்க்கொண்டிருந்தார்கள். யாரோடும் பொருந்தாமல் ஆண்கள் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். அதில் ஒருவர் அந்த அம்மாவின் வீட்டுக்காரராக இருக்கலாம், எவர் என்று சொல்ல வழியில்லை. இதை நான் எப்படிப் போனில் சொல்லுவேன்? நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். பத்மா தலையில் அடித்துக்கொண்டாள்:

"உன்னை ரத்தம் எடுத்துட்டு வரச் சொன்னா, நீ ஊர்க் கவலையெல்லாம் எடுத்துட்டு வர்ற."

ஒரே போட்டோ

அடையாறில் அந்த வீடு சின்னதுதான். கிருஷ்ணவேணி அம்மா காபி கொடுத்தார். தலையில் பூ இல்லை, நெற்றியில் பொட்டு இருந்தது. ரெண்டுங்கெட்டானாக நிற்கிறேன் என்பதை அவர் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லத் தைரியமில்லாமல் நான் சுவரைப் பார்த்தேன். மாலை போட்ட ஒரு போட்டோ. "மாமியாரா?" என்றேன். "இல்லீங்க, எங்கம்மா." சரி என்று பேச்சை வளர்த்தேன். "அவருக்கு ஒரே அக்கான்னு சொன்னீங்களே, அவங்க போட்டோ ஏதும் இல்லையா?" அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதே போட்டோவைக் காட்டினார். "இவங்கதான்."

எனக்குக் காபி புரையேறிவிட்டது. சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கிற சமாசாரம்! அக்கா போய்விட்டார், சரி. அக்காவின் மகள் என் எதிரே அல்லவா உட்கார்ந்திருக்கிறார்? "ஏம்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கத்தியேவிட்டேன். "நீங்க என்ன வேணும்னு கேட்டீங்க, சம்சாரம்னேன். அதுக்கு மேல நீங்க கேக்கவே இல்லையே" என்றார். நியாயம்தான். பெண்கள் வழியாக மட்டும் மாறாமல் இறங்கி வருகிற டி.என்.ஏ. ஒன்று எல்லார் உடம்பிலும் இருக்கிறது. வீட்டுக்காரருடைய அம்மாவிடமிருந்து அவருக்கும் அக்காவுக்கும் வந்தது, அக்காவிடமிருந்து இந்த அம்மாவுக்கு வந்திருக்கும். விரலில் குத்தியபோது அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. நான் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

மிஞ்சிய இரண்டு பேரில் ஒருவரோடு பொருந்தியது. பத்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். நானே நேரில் போனேன். கிருஷ்ணவேணி அம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றைக்குத்தான் அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். எதிர் வீட்டு மாடியில் ஒரு டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கிருஷ்ணவேணி அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த மாடியைக் காட்டினார்:

"சொந்தத்துல கட்டாதேன்னு அந்தம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. குழந்தை பொறக்காதப்ப 'பாத்தியா'ன்னாங்க. அசல்ல கட்டியிருந்தா, இன்னிக்குப் புருஷனை இவர்தான்னு சொல்ல என் ரத்தம் செல்லுமா மேடம்?"

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் சம்சாரத்திடம் "கல்யாணத்துக்கு முன்னாடி அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிடுகிறேன், சில பேர் முறைத்துவிட்டு உள்ளே போகிறார்கள், மற்றவர்கள் என்னை உட்கார வைத்துக் காதல் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.