வயிற்றிலிருந்து வந்த வடை

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் தைத்த சீருடை இன்னும் அவள் உடம்பில் தொளதொளவென்று கிடக்கிறது. வயிறு மட்டும் உப்பி நிற்கும்; தின்றதெல்லாம் தண்ணீராகப் போய்விடும். பூச்சி மருந்து கொடுத்தோம். பாலை நிறுத்தினோம். கோதுமை சேரவில்லையோ என்று ரத்தம் எடுத்தார்கள். பிறகு வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். கணையத்தையும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் பாளையங்கோட்டை டாக்டர் ஏதோ நல்ல சேதி போலச் சொல்வார்: "இதுலயும் ஒண்ணும் இல்லம்மா." கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றும் இல்லாமலா பிள்ளை இப்படி உருகுகிறாள்?

ஏரலில் இருக்கும் என் நாத்தனார் ஒரே பிடியாக நின்றாள். "ஏட்டி, இது தொக்கம். தின்னது குடல்ல ஒட்டிக் கெடக்கு. உறிஞ்சி எடுத்தா சரியாப் போவும்."

அவள் வாயை அடைக்கத்தான் போனேன். தொக்கம் எடுக்கிற அம்மாள் பிள்ளையின் வயிற்றில் சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, கிண்ணத்தில் துப்பினாள். ஊறிப்போன உளுந்துவடைத் துண்டு.

"பாத்தியளா? இதுதான் உள்ள கெடந்து கெடுத்திருக்கு."

என் மகள் வடையைக் கண்ணால் கண்டே ஒரு வருடமாகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளோ கிண்ணத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

போன மாதம் கடைசிப் பரிசோதனையின் முடிவும் வந்தது. அதிலும் ஒன்றும் இல்லை. திரும்ப முதலிலிருந்து பார்ப்போம் என்றார் டாக்டர். வெளியே ஆட்டோவுக்கு நிற்கையில் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஏரலுக்கே போவோம்மா. அங்கனதான் எடுத்துக் காட்டுதாங்க. இங்கன ஒண்ணுமே இல்லங்காங்க."

அந்த வடை அந்த அம்மாளின் வாயிலேயே இருந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொய்யாகவாவது ஒரு காரணம் அவளுக்குக் கிடைத்திருந்தது. என்னிடம் அதுகூட இல்லை. மறுவாரம் பஸ் ஏறினோம். தெரிந்தேதான் ஏறினேன். இந்தத் தடவை முறுக்குத் துண்டு வந்தது. பிள்ளை சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் வந்துட்டாம்மா?"

"வந்துட்டு, தங்கம்."

ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் என் கையை இறுகப் பிடித்தாள். மறு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, பஸ்ஸ நிறுத்தச் சொல்லும்மா."