அம்மாளுக்கு முந்திய திங்கள்

பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து காலையில் கைபேசிக்குச் செய்தி வந்தது. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்காகத் திங்கள் உள்ளூர் விடுமுறை. பதிலாகச் சனிக்கிழமை வகுப்பு. அவள் சனிக்கிழமையை நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் கலண்டரை எடுத்து, சரியான திங்கள்தானா என்று பார்த்தேன். எனக்கு அது பழைய வியாதி.

யுத்த காலத்தில் வாவியின் இக்கரையில், ஆமியின் பக்கம், ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். அக்கரையான படுவான்கரை இயக்கத்தின் கையில். வாவி கடக்கும் துறையை மாதக்கணக்காக மூடி வைப்பார்கள். அக்கரைக் கோயிலின் வைகாசிக் குளிர்த்திக்கென்று உள்ளூர் விடுமுறை அறிவித்தால் மட்டும் அன்று பகலில் பாதை ஓடும். பாதை என்றால் எங்களுக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதவை. ஆகவே வைகாசி பிறந்தால் கந்தோரில் எல்லோருக்கும் பக்தி முற்றிவிடும். எனக்கு அக்கரைத் தயிரில் பக்தி.

தட்டச்சு செய்யும் தவமணி அக்காவுக்கு அது விளையாட்டல்ல. அவர் கணவர் அக்கரையில் வயல் பார்த்தார். சோதனைச் சாவடி தாண்டி வர அவருக்குப் பயம். வருடத்தில் அந்த ஒரு திங்கள்தான் இருவரும் முகம் பார்ப்பது.

ஒரு வருடம், வழக்கம்போல் பூரணைக்கு அடுத்த திங்களுக்கு விடுமுறை கேட்டு எழுதினோம், கிடைத்தது. பூசை செய்யும் கப்புகனார் வீட்டில் சாவு, துடக்கென்று சடங்கை அதற்கடுத்த திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற சேதி மூடிய துறையைத் தாண்டி வரவில்லை. பூவும் பழமுமாகப் போய் இறங்கினால் கோயில் கதவு பூட்டு.

"அம்மாள் லீவு போடல்ல, நாமதான் போட்டுட்டம்" என்றார் கூட வந்த காத்தான்குடி ஓவசியர்.

தவமணி அக்கா கோயில் பக்கமே வரவில்லை. பாதை ஓடுவதைக் கண்டு வந்த கணவரோடு துறையடி மருத மர வேரில் இருந்தார். நடுவில் ஒரு மண் முட்டி நிறையத் தயிர்.

"வயல் வட்டைக்குள்ள ஆனை இறங்கினதா?"

"இறங்கினதுதான். நீ ஒழுங்காச் சாப்பிர்றியா?"

அவ்வளவுதான் பேச்சு. பின்னேரம் வரை அதையே திருப்பித் திருப்பிப் பேசினார்கள்.

திரும்பும்போது, "கும்பிட ஏலாமப் போச்சே அக்கா" என்றேன்.

"நான் காண வந்த ஆளக் கண்டுட்டன் தம்பி. அம்மாள மறுகா பாப்பம்."

உண்மையான குளிர்த்தி அன்று துறை மூடிக் கிடந்தது. நாங்கள் கந்தோரில் இருந்தோம்.

அடுத்த வைகாசியில் சரியான திங்களுக்கே விடுமுறை வந்தது. அதற்குள் தவமணி அக்காவின் கணவர் வயலில் ஷெல் விழுந்து செத்துப்போயிருந்தார். எல்லோரும் பாதையேறிய அந்தக் காலையில், தவமணி அக்கா வேலைக்கு வந்து பூட்டிய கந்தோர்க் கதவின் முன் நின்றாராம். மறுநாள் காவலாளி சொன்னார்.

இப்போது அந்த இடத்தில் பாலம். பாதையும் இல்லை, மருத மரமும் இல்லை. அக்கரையில் ஓர் ஆளைக் காண யாரும் விடுமுறைக்குக் காத்திருப்பதில்லை. பேத்திக்குச் சனிக்கிழமைதான் கவலை.