அடுத்த வீட்டுப் பாவங்கள்

பங்குச்சாமியார் புரோனிஸ்லாவுக்குத் தம் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களைக் கண்டால் எப்போதுமே இளக்காரம்தான். போலந்தில் உருளைக்கிழங்கு விவசாயி ஒருவரின் நாலாவது மகன் அவர். குருமடத்தில் லத்தீன் பேராசிரியராகிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார். குருக்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரோ அவரைக் கொஞ்ச காலத்துக்கு என்று கசகஸ்தான் புல்வெளிக்கு அனுப்பிவிட்டு, அடியோடு மறந்துபோனார். அவருக்குத் தலை நரைத்தது அங்கேதான்.

அந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் நாடுகடத்தப்பட்டு, சரக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுவந்து கொட்டப்பட்ட போலந்துக் குடும்பங்களின் வாரிசுகள். மதத்துக்குத் தடை இருந்ததால் சாமியாரே இல்லாத ஆண்டுகளில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொன்னவர்கள். புரோனிஸ்லாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவர்கள் பேச்சில் ரஷ்ய வாடை அடித்ததும், கல்யாணப் பந்தியில் குதிரைக்கறி வைத்ததும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

எல்லாவற்றையும்விட அவரை எரிச்சல்படுத்தியது, சாமியாரிடம் வந்து பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். ஒருவராவது சொந்தப் பாவத்தைக் கொண்டுவந்தால்தானே! லியோகாதியா சனிக்கிழமை தவறாமல் வந்து மண்டியிடுவாள். காது மந்தம் என்பதால் அவள் சொல்வது வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும். கோபப்பட்டேன் சாமி என்று ஆரம்பிப்பாள். ஏன் கோபப்பட்டாள் என்பதுதான் மிச்சக் கதை. மருமகள் ஸீனா பாலைப் பொங்கவிட்டாள், முறைத்தாள், கோயில் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

"மருமக பாவத்த மருமக வந்து சொல்லிக்குவா. உன் பாவம் எங்கம்மா?" என்பார் சாமியார்.

லியோகாதியா திருதிருவென விழிப்பாள். சாமியாருக்கு உள்ளூரச் சிரிப்பு. பிரசங்கத்திலும் இதை விடமாட்டார், யார் பெயரையும் சொல்லாமல் ஊரையே வாங்கு வாங்கென்று வாங்குவார்.

அவர் மட்டும் என்ன கிழித்தாராம்? குருக்கள் கூடும் வருடாந்தரத் தியானத்தில் தாம் சங்கீர்த்தனம் செய்வதற்கு, பாதியிலேயே தூங்கிவிடும் ஒரு கிழக் குருவாகத் தேடிப் பிடித்து, லத்தீனில் நாலு வரி முணுமுணுத்துவிட்டு வந்துவிடுவார். போன கோடையில் அந்தக் கிழவரும் போய்ச் சேர்ந்தார்.

குளிர்காலத்தில் புரோனிஸ்லாவின் இதயம் மக்கர் செய்தது. அறுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர்கள் நாள் குறித்தார்கள். அவருக்குக் கத்தியைப் பற்றிக்கூடப் பயமில்லை. சங்கீர்த்தனம் செய்யாமல் மேஜையிலேயே உயிர் போய்விட்டால் என்ன கதி என்றுதான் பயம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததோ பக்கத்துப் பங்கின் இளம் குரு தமியான் ஒருவர்தான். பூசையில் கிட்டார் வாசித்துவிட்டு, முடிந்ததும் இளவட்டங்களோடு பனியில் சறுக்கப் போகிறவர். அந்தக் கூத்தாடியிடமா மண்டியிடுவது என்று கடைசி நாள்வரை தள்ளிப்போட்டார்.

அன்றைக்குப் பார்த்துப் பனி கொட்டியது. தமியானின் ஊருக்கு வண்டியை எடுக்கத் துணிந்தவள், லியோகாதியாவின் மருமகள் ஸீனா மட்டும்தான். கேட்காமலே அவர் முழங்காலில் கம்பளியைப் போர்த்தினாள், பிளாஸ்கிலிருந்து பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அதை உறிஞ்சிக்கொண்டே, இவள் ஒரு நாளாவது பூசைக்கு வந்தாளா என்று யோசித்துக்கொண்டு வந்தார் சாமியார்.

தமியான் சங்கீர்த்தனம் கேட்பதற்கான ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புரோனிஸ்லாவ் மண்டியிட்டு, பொறுமை இழந்தேன் என்று ஆரம்பித்தார். ஏனென்றால், மேற்றிராணியார் அவரை ஏமாற்றிவிட்டார். பங்கு மக்களுக்கு எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறாது. சில இளம் குருக்களுக்குப் பீடத்துக்கும் நாடக மேடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சொல்லச் சொல்ல அவருக்குச் சூடு ஏறியது, அடுப்பில் நிலக்கரி தணிந்துகொண்டே வந்தது.

தமியான் கடைசிவரை கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சாமி, அவங்கவங்க பாவத்த அவங்கவங்க வந்து சொல்லிக்கட்டும். உங்க பாவம் என்ன?"

புரோனிஸ்லாவ் திருதிருவென விழித்தார். இத்தனை காலமும் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குப் பதில் ஒன்று உண்டு என்பதே தோன்றியிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஸீனா வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த ஊர்ல ஒருத்தரையும் பிடிக்கல, தம்பி," என்றார் கடைசியில்.

"எவ்வளவு காலமா?"

"வந்து இறங்கின நாள்லேருந்து."