அக்கா ஏன் எல்லோருக்கும் கை கொடுத்தார்?

எங்கள் அக்கா வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தபாற்கந்தோரில் வேலை, அம்மா வீட்டோடு. அக்கா மூத்தவர், நான் இளையவன், நாங்கள் இரண்டே பேர். ஒரு நினைவு மலரில் இதற்கு அடுத்த வரியாக, ‘சிறுவயதிலிருந்தே அமைதியும் அடக்கமும் நிறைந்தவர்’ என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் அக்காவை அறிந்தவர்கள் இந்த மலரை அத்துடனேயே மடித்து வைத்துவிடுவார்கள். அக்கா சத்தமானவர். ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் நின்று என்னைக் கூப்பிட்டால், இந்தத் தொங்கலில் கட்டியிருக்கும் மாடும் திரும்பிப் பார்க்கும்.

பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்தாட்டம் அவருக்கு உயிர். பின்னர் பயிற்சிக் கலாசாலைக்குப் போய், விளையாட்டு ஆசிரியையாக ஒரு பெண்கள் பாடசாலையில் சேர்ந்தார். அவர் பழக்கிய அணி அயலூர்களிலெல்லாம் போய் வென்று வந்தது. அத்தானை மணந்ததும் மகள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். போர் மறுபடி மூண்டு ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து எழும்பியபோது, அக்கா குடும்பம் கைக்குழந்தையோடு கொழும்பு வந்து, அங்கிருந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தது. முன்னரே வந்துவிட்ட எனக்கு ஸ்காபரோவில் ஒரு அப்பாட்மென்ட் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதற்குள் எப்படி அடங்கினோம் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போட்டோக்கொப்பி இயந்திரங்களைத் திருத்துவது என் தொழில். எந்தப் பெட்டியையும் திறந்து, உள்ளே என்ன சுழல்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஏன், எதற்கு என்று கேட்டே அம்மாவிடம் அடி வாங்கியவன் நான். அந்தப் புத்தியோடுதான் அக்காவையும் இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் ஆசிரியத் தராதரம் இங்கே செல்லுபடியாகவில்லை. பகலில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்துகொண்டு, பின்னேரத்தில் ஒரு சிறிய கல்லூரியில் படிக்கப் போனார். அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணிக்குப் பயிற்றுநர் தேவை என்று விளம்பரப் பலகையில் ஒட்டியிருந்ததாம். அணி தோற்பதில் பேர் போனது. முன்பிருந்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார், அந்தச் சிறு சம்பளத்துக்கு வேறு ஒருவரும் கேட்டு வரவில்லை. வளையமும் கம்பமும் வைத்து ஆடும் பெண்கள் அணியைப் பல வருடம் பழக்கியிருக்கிறேன் என்று அக்கா சொன்னார். விளையாட்டுப் பொறுப்பாளருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அக்கா பொய் சொல்லவில்லை. வலைப்பந்தையும் கூடைப்பந்தையும் ஒன்றென்றே அவர் நினைத்திருந்தார். இங்கே வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகையும் இருக்கிறது, வசதியான நாடு, அவ்வளவுதான் என்பது அவருடைய எண்ணம். ஊரில் வலைப்பந்து ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் பந்தைப் பிடித்தவர் அதோடு ஓட முடியாது. நிலத்தில் தட்டித் தட்டிக் கொண்டுபோகவும் முடியாது. பிடித்த இடத்திலேயே நின்று, உடனே இன்னொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். கூடைப்பந்தோ தட்டிக்கொண்டு ஓடுவதிலேயே நடக்கிற ஆட்டம்.

முதல் நாள் பயிற்சிக்கு அவரை நான்தான் காரில் கொண்டுபோனேன். ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி பந்தைத் தட்டினாள், அக்கா விசில் அடித்தார். அடுத்தவள் தட்டினாள், அதற்கும் விசில். இது ஏதோ புது விதமான பயிற்சி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். டெனிஸ் என்ற நெட்டைப் பிள்ளைதான் அணித்தலைவி. யமேக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அவள் மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எறியலாம் என்று மற்றவர்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் பந்து நிலத்தைத் தொடவில்லை.

 வீட்டுக்குத் திரும்பிக் காரை நிறுத்தியதும் அக்கா கேட்டார்:

“தம்பி, உது வேற விளையாட்டே?”

“ஓம் அக்கா. வேற விளையாட்டு.”

அக்கா வெட்கப்படவில்லை. அடுத்த நாளே நூலகத்துக்குப் போய்ச் சட்டப் புத்தகம் எடுத்துவந்து படித்தார். ஆனால் பயிற்சியின் முதற் பாதியில் பந்து நிலத்தில் படக்கூடாது என்ற விதியை மட்டும் அவர் மாற்றவேயில்லை. பிழை என்று தெரிந்த பிறகும் ஏன் என்று நான் கேட்டேன். ஒவ்வொருத்தியும் பந்தைத் தட்டிக்கொண்டு தன்பாட்டில் ஓடி, தன்பாட்டில் தோற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்த்தார்கள் என்றார் அக்கா. அதை நான் கவனிக்கவில்லை. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பருவத்தில் எங்கள் அணி ஒரேயொரு ஆட்டத்தில் வென்றது, அதுவும் எதிரணியின் வாகனம் பனியில் சிக்கி வராமல் போனதால். சொந்தபந்தங்களுக்குள் ‘ரீச்சர் வேலை கிடைக்காமல் பந்து உருட்டித் திரிகிறா’ என்று கதை அடிபட்டது. அத்தானும் முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ஒரு தோல்விக்குப் பிறகு பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். அவர்கள் அத்தான் பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் முழுவதையும் தின்று தீர்த்தார்கள். அன்றோடு அத்தான் கட்சி மாறிவிட்டார். அதற்குப் பிறகு மற்ற அணிகள் வாழைப்பழம் தின்ற இடங்களிலெல்லாம் எங்கள் அணி ரோல்ஸ் தின்றது. அக்காவின் மகளான என் மருமகளுக்கு மட்டும் கடைசிவரை பந்தைக் கண்டாலே ஆகாது. வாங்கில் இருந்து கதைப் புத்தகம் வாசிப்பாள்.

அந்தப் பிள்ளைகளுக்கு அக்கா பழக்கிய காரியங்கள் பல. கோச் என்று கூப்பிட விடவில்லை, ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவர்களும் என்னைத் தம்பி என்றார்கள். என்னைவிட எத்தனையோ வயது இளைய பிள்ளைகள்! நானும் திருத்தவில்லை.

ஆனால் எனக்கு விளங்காத வழக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுப்பார். அரை மணி நேரம் திட்டித் தீர்த்த பிள்ளைக்கும் கை கொடுப்பார். ஒருத்தி கோபித்துக்கொண்டு பின்கதவால் போய்விட்டால், கார் நிறுத்துமிடம் வரைக்கும் குளிருக்குள் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவார். தமிழருடைய வழக்கம் இது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். என்னைக் கண்டாலும் கையை நீட்டுவார்கள். எங்கள் ஊரில் ஆர் கை குலுக்கினது? கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதோடு சரி. அக்காவிடம் கேட்டால், ‘அது ஒரு பழக்கம்’ என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். ஒருநாள் பகிடியாகக் கேட்டேன்:

“எல்லாருக்கும் குடுக்கிறியள், எனக்கு மட்டும் இல்லையோ?”

“நீ எங்கை போகப் போறாய்?” என்றார்.

இரண்டாவது பருவத்தில் அணி பாதிக்குப் பாதி வென்றது. மூன்றாவது பருவத்தின் தொடக்கத்தில் பொறுப்பாளர் அக்காவை அழைத்து, கல்லூரியில் செலவு மிஞ்சிப் போயிற்று என்றார். இந்த முறை அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாவிட்டால் அடுத்த வருடம் பெண்கள் அணி இராது. அக்கா இதை என்னிடம் மட்டும், காருக்குள் வைத்துச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம், பயத்தோடு விளையாடினால் பந்து கையில் நிற்காது என்றார். எனக்குத் தெரிந்தவரை அக்கா பயந்து நான் கண்டது அந்தப் பருவத்தில்தான். பராமரிப்பு நிலையத்தில் அவர் பலரில் ஒருவர். உறவினர் கண்ணில் பந்து உருட்டுகிறவர். அந்தக் கூடத்துக்குள் மட்டும்தான் அவர் மீண்டும் ரீச்சர். அதையும் பறிகொடுத்தால் அக்கா என்ன ஆவார் என்று எனக்கு அப்போது யோசிக்கவே விருப்பமில்லை.

எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. ஆட்டம் பக்கத்து நகரான பிறம்ரனில். வென்றால் இறுதிச் சுற்று, தோற்றால் அணி இல்லை. நானும் அத்தானும் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடத் தொடாமல் இருந்தோம். முதற் பாதியில் எங்கள் பிள்ளைகள் நன்றாகப் பின்தங்கிவிட்டார்கள். பதற்றத்தில் பழைய புத்தி திரும்பிவிட்டது: ஆளாளுக்குத் தட்டிக்கொண்டு ஓடி, ஆளாளுக்குப் பறிகொடுத்தார்கள். இடைவேளைக்கு அக்கா அவர்களை உடைமாற்றும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஆண்கள் போக முடியாத இடம். கதவு சாத்தப்பட்டது. அக்காவின் குரல் எந்தச் சுவரையும் தாண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று ஒரு சத்தமும் வரவில்லை.

வெளியே வந்தவர்கள் வேறு ஆட்களாக இருந்தார்கள். சிலருடைய கண்கள் சிவந்திருந்தன. அதன்பிறகு பந்து நிலத்தில் பட்டதே அருமை. பிடித்தவள் நின்றாள், பார்த்தாள், எறிந்தாள். இவள் இப்போது தட்டுவாள், இப்போது பறிக்கலாம் என்று எதிரணி காத்துக்கொண்டு நிற்க, பந்து கைமாறிக் கைமாறி வளையத்தடிக்குப் போய்விடும். நேரம் முடியும் தறுவாயில் டெனிஸ் போட்ட பந்து பலகையில் படாமல் நேரே வளையத்துக்குள் விழுந்தது. வலைப்பந்தாட்டத்துக்குரிய எறிகை அது. நாங்கள் ஒரு கூடையால் வென்றோம். ரோல்ஸ் பெட்டி கொட்டுண்டதைக்கூட அத்தான் கவனிக்கவில்லை.

அணி தப்பியது, இன்றும் இருக்கிறது. அறைக்குள் என்ன சொன்னீர்கள் என்று அக்காவிடம் எத்தனையோ முறை கேட்டேன். கதவைத் திறக்கத் தெரியாத தொழிலாளி நான். “அது பெம்பிளையளின்ரை கதை” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. ரூஜில் புது வீட்டுக்குக் குடிபோய், பெட்டிகளைப் பிரித்து முடிக்குமுன் புற்றுநோய் என்று தெரிந்தது. படிப்பை முடித்திருந்த டெனிஸ் அக்காவுக்கு உதவியாக வந்து, பின்னர் அணியைப் பொறுப்பெடுத்தாள். ஆஸ்பத்திரியிலும் அக்கா அவளிடம் கேட்ட முதற் கேள்வி, ‘நிலத்தில தட்டுறாளவையோ?’ என்பதுதான். நான் பின்னேரம் புறப்படும்போதெல்லாம் கையை அசைப்பார். கடைசி நாளும் அசைத்தார். போகிற வயதில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, பழைய பிள்ளைகளும் புதிய பிள்ளைகளுமாக அணி முழுவதும் கல்லூரிச் சட்டையோடு வந்து வரிசையில் நின்றது. டெனிஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய், அக்காவின் கையைப் பிடித்து மெதுவாகக் குலுக்கினாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். எங்கள் ஆட்களிடையே முணுமுணுப்பு எழுந்தது, ஒருவர் தடுக்கவும் எழுந்தார். “விடுங்கோ. அவையளுக்குத் தெரியும்,” என்றார் அத்தான்.

வெளியே டெனிஸைக் கண்டு, அது எங்கள் வழக்கமில்லை, ஏன் அக்கா அப்படிச் செய்தார் என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா தம்பி என்று அவள்தான் அதிசயப்பட்டாள். பிறம்ரனில் அந்த அறைக்குள் அக்கா சொன்னதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் தமிழில், அக்காவின் வாயால் அது இப்படித்தான் வந்திருக்கும்:

“பிள்ளையள், இண்டைக்குத் தோத்தால் உங்கட ரீமை மூடப்போறாங்கள். உங்களுக்குத் தெரியாமல் அது முடியக்கூடாது, அதுதான் சொல்லுறன். எனக்கும் ஊரில ஒரு ரீம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பழகி முடிச்சு, திங்கள் வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போனன். அந்தத் திங்கள் வரேல்லை. ஊர் எழும்பிப் போட்டுது. ஆர் எங்கை, ஆர் இருக்கினம், ஒண்டும் தெரியாது. ஒருத்தியின்ரை கையைக்கூட நான் பிடிக்கேல்லை. உங்களுக்குக் கடைசி விசில் எண்டு ஒண்டு இருக்கு. அது ஊதுமட்டும் ஒருத்தியை ஒருத்தி பாத்து விளையாடுங்கோ. வெண்டாலும் தோத்தாலும் பிறகு வந்து கை தாங்கோ.”

ஒரே வீட்டில் பிறந்து, ஒரே அப்பாட்மென்டில் இருந்து, ஒரே காரில் போய்வந்த எனக்கு இது தெரியாது. ஒவ்வொரு நாளையும் கடைசி நாளாக எண்ணி அக்கா பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நான் மட்டும் அடுத்த நாளும் வருவேன் என்று நம்பியிருக்கிறார்.

பெட்டியை மூடுவதற்கு முன் நான் உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. எங்கேயும் போகாதவன் நான்தான்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்த அத்தானுக்கும், தன் அம்மாவுக்குத் தானே கதைப் புத்தகம் வாசித்துக் காட்டிய மருமகளுக்கும், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சமைத்து அனுப்பிய ரூஜ் அயலவருக்கும், மார்க்கம் நகரத்திலிருந்து நாள்தோறும் வந்துபோன உறவினருக்கும், கிரியைகளைச் செய்வித்த குருக்கள் ஐயாவுக்கும், வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நீங்களும் அன்று சொல்லாமல்தான் போனீர்கள், அதுதான் முறை. ஆனால் இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து, இந்த மலரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் காலுக்குச் சப்பாத்துத் தேடும்போது, வாசலில் நான் நிற்பேன். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கையை மட்டும் தந்துவிட்டுப் போங்கள்.

அன்புத் தம்பி