மூன்று பங்குக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும்

சொட்டுநீர்க் குழாய் விற்கிறவனுக்கு மழை பெய்தாலும் ஆகாது, பெய்யாவிட்டாலும் ஆகாது, பெய்தால் "இனி எதுக்குங்க குழாயி?" என்பார்கள், பெய்யாவிட்டால் "கெணத்துலயே இல்லீங்களே, எதைச் சொட்டறது?" என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு சின்னக் கம்பெனிக்காக மொபெட்டில் அலைந்து இதை விற்ற புண்ணியவான் நான். பருவநிலை மாறுகிறது என்றெல்லாம் அப்போது எங்களிடம் யாரும் பேசவில்லை. "மழை முன்ன மாதிரி இல்லீங்க" என்பதோடு சரி. மிக்ஸியோ, இன்சூரன்ஸோ, எதையாவது தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

யானைக்குப் பிடிக்கவில்லை

தொண்டாமுத்தூரில் ஒருவர் தோட்டத்தில் மாதிரிக்காக இலவசமாகக் குழாய் போட்டுக் கொடுத்திருந்தோம். சுற்று வட்டார விவசாயிகளை அழைத்து, வடை டீ எல்லாம் ஏற்பாடு செய்து, காலை பத்து மணிக்கு எங்கள் மேனேஜரோடு போய் இறங்கினால், அட கெரகமே, தோட்டம் பூராவும் கறுப்புக் குழாய் பிய்ந்து கிடக்கிறது. விடிவதற்குள் யானை வந்துவிட்டுப் போயிருக்கிறது. கொஞ்சம் குழாய் வேலியில் தொங்கியது, கொஞ்சம் பக்கத்துத் தோட்டத்துக்கே போய்விட்டது. வந்திருந்தவர்கள் வடையைத் தின்றுகொண்டே சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் என்னிடம் அக்கறையாக விசாரித்தார்: "யானைக்கு இது புடிக்கலைங்களாட்ட இருக்குதுங்க. வேற கலர்ல வெச்சிருக்கறீங்களா?"

திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியதும் மேனேஜர் சொன்னார். "நாளையிலிருந்து நீ வெள்ளகோவில் பக்கம் போ. மூணு மாசத்துல ஒரே ஒரு தோட்டத்தைப் பச்சையாக் காட்டு. முடியலைன்னா வேற வேலை தேடிக்கோ. அங்க யானை இல்லை, தண்ணியும் இல்லை, நமக்குத் தோதான ஊரு."

எருமை போன இடம்

வெள்ளகோவிலில் என்னை யாரும் விரட்டவில்லை. விரட்டினால்தான் தேவலையே! "வாங்க தம்பி, உக்காருங்க" என்று பாய் போட்டு, மோர் கொடுத்து, நான் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு, "ஆகட்டுங்க, செஞ்சுபோடலாமுங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். நானும் கொங்கு நாட்டில் பிறந்தவன்தான். அந்த 'ஆகட்டுங்க'வுக்கு 'வேண்டாம்' என்று அர்த்தம் என்பது என் வீட்டு நாய்க்கே தெரியும். ஆனாலும் சரக்கு விற்க வந்தவன் காதில் நல்ல சேதி மட்டும்தானே விழும்? ஒரு மாதம் மோர் குடித்தேன். ஒரு அடி குழாய் விற்கவில்லை.

கடைசியில் சரசக்கா கிடைத்தார். வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் இரண்டு நாள் ஊரில் இருந்தால் அதிசயம். தோட்டம் முழுக்க அக்கா பொறுப்பு. அறுபது தென்னம்பிள்ளை, மூன்று வயசு. தொடர்ந்து மழை தப்பிப்போய், கிணறு இறங்கிவிட்டது. நான் போனபோது இடுப்பில் குடத்தோடு ஒவ்வொரு பிள்ளையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் பேச்சைப் பாதியிலேயே நிறுத்தி, "பொழைக்குமா, பொழைக்காதா? அதைய மட்டும் சொல்லுங்க" என்றார். பிழைக்கும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் குழாயோடு போனால் கட்டுத்தறியில் எருமையைக் காணோம். எங்கே என்று கேட்டேன். "நீங்க கொண்டாந்துட்டீங்களே தம்பி, அதுதானுங்க எருமை!"

குழாயை இறக்கி வைத்துவிட்டு, அந்த வெறும் கட்டுத்தறியைப் பார்க்காமலேயே வேலையை ஆரம்பித்தேன்.

ஊக்கு வைத்தியம்

குழாயைத் திறந்துவிட்ட அன்று ஊரே வந்தது. ஒவ்வொரு பிள்ளையடியிலும் ஒரு சொட்டு, அப்புறம் யோசித்து இன்னொரு சொட்டு. அக்காவின் மூத்தார், அதாவது வீட்டுக்காரருக்கு அண்ணன், சென்னியப்பண்ணன். பக்கத்துத் தோட்டம் அவருடையது. குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "தென்னைக்கு என்ன காய்ச்சலுங்களா? குளுக்கோஸ் ஏத்தறீங்க?" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்வது?

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் முதல் வரிசையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, கடைசி வரிசை காய்கிறது. முதல் வரிசையில் ஒவ்வொரு துளையும் பெரிதாகியிருந்தது. அக்காவின் தாலிக்கொடியில் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்: "பாக்கறதுக்குப் பாவமா இருந்துச்சுங்க. விருந்துக்கு வந்தவங்களுக்குச் சொட்டுச் சொட்டா மோர் ஊத்துனா நல்லாவா இருக்குமுங்க?"

நான் அளக்காதது

துளை பெரிதான குழாயை மாற்றிக் கொடுத்தேன். இனிக் கவலையில்லை என்று நாலு நாள் கழித்துப் போனால் குழாயில் சொட்டே இல்லை, குருத்துகள் தொங்குகின்றன. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் எங்கேயோ போகிறது. எங்கே? சென்னியப்பண்ணன் மிளகாய்க்கு. "இன்னைக்கு அவரு மொறைங்க" என்றார் அக்கா, எனக்கு இதெல்லாம் தெரியும் என்பது போல.

விஷயம் இதுதான். அந்தக் கிணறு அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொது. மூத்தவர் சென்னியப்பண்ணன், இரண்டாமவர் அக்காவின் லாரிக்காரர், கடைசி செல்லமுத்து. ஆளுக்கு இரண்டு நாள் முறை. வாய்க்காலில் பாய்ச்சுகிற காலத்தில், உங்கள் முறையன்று வட்டப்பாத்தி நிறைய விட்டால் நாலு நாள் தாங்கும். சொட்டுநீர் அப்படியில்லை, தினமும் கொஞ்சம் கிடைத்தாக வேண்டும். நிலத்தின் சரிவை அளந்தேன், தூரத்தை அளந்தேன், மோட்டாரின் குதிரைசக்தியைக் குறித்தேன். இது யார் கிணறு என்று கேட்கவில்லை! படித்த முட்டாள் என்றால் நான்தான். மண்வெட்டிமேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மெல்லத்தான் சொன்னார்: "எல்லாத்தையும் அளந்தீங்களே தம்பி, என்ற மூத்தாரை அளக்கலியே."

படி பொய் சொல்லாது

முறையை மாற்றுவதென்றால் மூன்று பங்காளிகளும் பேச வேண்டும், லாரிக்காரருக்குப் பதில் அக்கா. மூத்தவருக்கும் கடைசிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. மோட்டார் ரூம் முன்னால் மூன்றடி தள்ளித் தள்ளி நின்றுகொண்டு, "அவுங்ககிட்டச் சொல்லுங்க தம்பி" என்று இருவரும் என் வழியாகப் பேசினார்கள். ஆளுக்குத் தினம் அரை மணி என்று நான் போட்டுவந்த அட்டவணையை யாரும் கையால்கூடத் தொடவில்லை. "பாட்டன் காலத்து மொறையத் தொட்டா ஊடு ரெண்டாயிரும்" என்றார் மூத்தவர். ஏற்கெனவே எத்தனையாக இருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்காதான் வழி கண்டுபிடித்தார். "மாமா, இன்னைக்கு உங்க மொறைதானுங்க. மோட்டாரைப் போடுங்க, தண்ணிகூடவே நடந்து போலாம்." போட்டார். வாய்க்காலில் தண்ணீரின் முனை ஊர்ந்து போக, நாங்கள் நாலு பேரும் கூடவே நடந்தோம். காய்ந்த மண் குடித்தது, எலி வளை குடித்தது, வரப்போரப் புல் குடித்தது. மிளகாய்ப் பாத்தியின் வாயை நனைத்ததுதான் தாமதம், அங்கே கிணற்றில் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்து ஏர் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் தண்ணீர். சென்னியப்பண்ணன் ஈரமான அந்த ஒரு சாண் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

அப்புறம் அவரே கிணற்று மேட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தார். சுவரோடு இறங்குகிற கல்படிகளை விரல் நீட்டி எண்ணினார். "வாய்க்கால்ல உட்டா மண்ணே குடிச்சுப்போடுது, இனி நானும் குழாயிலயே கொண்டு போயிக்கறேன். விடியக்காலம் ஊறி நிக்கறது பன்னெண்டு படித் தண்ணி. தினமும் ஆளுக்கு நாலு படி. நாலு படி இறங்குச்சா, அடுத்தவனுக்கு உட்டுப்போடணும்." செல்லமுத்து இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டான்: "மொதல்ல யாருங்கண்ணா?" "தெனமும் மாத்திக்கலாம்டா" என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். இருந்தாலும் கௌரவத்தை விடாமல், மணிக்கணக்கு இன்னும் துல்லியம் அல்லவா என்று அட்டவணையை நீட்டினேன். அவர் சிரித்தார். "கரண்ட்டு போனாலும் கடியாரம் ஓடிட்டேதானுங்களே இருக்கும் தம்பி? படி பொய் சொல்லாதுங்க."

கூட்டம் பார்த்தது எதை?

அறுபதில் ஏழு பிள்ளை போய்விட்டது. மீதி ஐம்பத்து மூன்றும் குருத்து விட்டன. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது மேனேஜர் ஒரு வேன் நிறைய விவசாயிகளோடு வந்து இறங்கினார். செத்துப்போன ஏழின் குழியிலும் அக்கா புதுப்பிள்ளை நட்டிருந்தார். என் வேலை தப்பித்தது என்று மூச்சு விட்டேன்.

கம்பெனியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்லி மேனேஜர் அக்காவை முன்னால் நிறுத்தினார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மரத்தையும் பார்த்தார், பங்காளிகளையும் பார்த்தார். "குழாயி நல்ல குழாயிதானுங்க, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வாங்கறதுக்கு மின்னாடி பங்காளிகளோட பேசிப்போடுங்க." அவ்வளவுதான், கூட்டம் குழாயை விட்டுவிட்டுக் கிணற்று மேட்டுக்கு ஓடியது. சென்னியப்பண்ணன் வாத்தியாராகிவிட்டார். குனிந்து படி எண்ணுகிற முதுகுகளைப் பார்த்துக்கொண்டு மேனேஜர் என் காதில் கேட்டார்: "ஏம்ப்பா, நாம விக்கறது குழாயா, இந்தப் படியா?"

அதற்குப் பிறகும் எட்டு வருஷம் கொங்கு நாடு முழுக்கச் சுற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: குழாய் போடுவது அரை நாள் வேலை, அண்ணன் தம்பியைப் பேசவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.